புதுப்பிப்பு: மென்பொருள் உரிமம் விற்க அனுமதி கிடைத்துவிட்டது

திருகோணமலையில் உள்ள என் கணினிக் கடையில் மைக்ரோசாப்ட் உரிமங்களை முறைப்படி விற்க விண்ணப்பித்தால் ஏன் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.

"பதிவுச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பிழை என் பக்கம். பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பெயர்ச் சான்றிதழில் முகவரி முழுதாக இருந்தது. நான் வீதிப் பெயரைச் சுருக்கி, கடை இலக்கத்தையும் விட்டிருந்தேன். அதைத் திருத்தி, ஜிமெயிலுக்குப் பதிலாகக் கடையின் சொந்த டொமைன் மின்னஞ்சலைக் கொடுத்தேன். சரிபார்ப்பு முடிந்து, மைக்ரோசாப்ட் தன் விற்பனைக் கூட்டாளிகளுக்குத் தரும் அடையாள எண்ணான பார்ட்னர் ஐடி வந்தது. அப்புறம் கொழும்பு விநியோகஸ்தர் ஒருவரிடம் அதைக் கொடுத்து இன்டைரக்ட் ரீசெல்லராக, அதாவது மைக்ரோசாப்டிடம் நேரடியாக வாங்காமல் விநியோகஸ்தர் வழியாக வாங்கி விற்பவராகச் சேர்ந்தேன். சிறு கடைகளுக்கு இதுதான் சரியான வழி.

எதிர்பாராத ஒன்று: ஆண்டுச் சந்தா வாங்கி 7 நாள் தாண்டிவிட்டால், காலம் முடியும்வரை பயனர் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. என் முதல் வாடிக்கையாளர் ஒரு டியூட்டரி. 12 பேருக்குக் கேட்டார்கள். 9 போதும் என்று ஐந்தாம் நாளே சொன்னதால் தப்பினோம். எத்தனை பேருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டே ஆர்டர் போடுங்கள்.