கோச் ஜெபம் செய்ய வைக்கிறார், டீச்சர் திருநீற்றைக் கழுவச் சொல்கிறார். என்ன செய்வது?

கேள்வி: டல்லாஸ் அம்மா

டெக்சாஸில் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். மகன் ஏழாம் வகுப்பு, பப்ளிக் ஸ்கூல். இந்த வருடம்தான் ஃபுட்பால் டீமில் சேர்ந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கோச் பையன்களை வட்டமாக மண்டியிட வைத்து, இயேசுவின் பெயரால் ஜெபம் சொல்லி, எல்லோரையும் ஆமென் சொல்ல வைக்கிறார். மகன் எங்களிடம் மூச்சே விடவில்லை. போன வாரம் நான் கொஞ்சம் சீக்கிரம் மைதானத்துக்குப் போனதால் கண்ணில் பட்டது.

கேட்டால், "எல்லாரும் செய்றாங்கம்மா, நான் மட்டும் எழுந்து நின்னா பெஞ்ச்சுலயே உட்கார வெச்சிடுவார்" என்கிறான். கோச் அப்படிச் சொன்னாரா என்றால் இல்லையாம். இவனாகவே நினைத்துக்கொள்கிறான்.

இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. பிரதோஷத்தன்று திருநீறு பூசிக்கொண்டு போனவனை, முகத்தில் எதுவும் வரையக் கூடாது, டிரெஸ் கோட் என்று ஒரு டீச்சர் கழுவச் சொல்லியிருக்கிறார். கழுவிவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

கோச் நல்ல மனிதர். இவனுக்குக் கணுக்கால் சுளுக்கியபோது இரண்டு முறை போன் செய்து விசாரித்தார். அவர் மேல் புகார் எழுதக் கை வரவில்லை. வீட்டுக்காரர், "விடு, கொஞ்ச நாளில் சீசன் முடிந்துவிடும்" என்கிறார். விடலாமா?

பதில் 1: பழைய கான்வென்ட் பையன்

தங்கச்சி, இதைப் பெரிதாக்காதீர்கள். நான் பன்னிரண்டு வருடம் கான்வென்ட்டில் படித்தேன். காலையில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே", சாயங்காலம் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம். எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. கோச்சைப் பகைத்துக்கொண்டால் நஷ்டம் பையனுக்குத்தான்.

பதில் 2: ஹூஸ்டன் சி.எஸ்.ஐ. அப்பா

அண்ணா, கான்வென்ட் என்பது நம் அப்பா அம்மா தெரிந்தே ஃபீஸ் கட்டிச் சேர்த்த இடம். இது அரசுப் பள்ளி. நம் ஊர் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவுகூட, அரசு அங்கீகாரமோ பணமோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. நம்மை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சகோதரி, நான் ஞாயிறு ஆராதனை தவறாதவன். ஜெபத்துக்கு விரோதி இல்லை. ஆனாலும் உங்கள் கோச் செய்வது தவறு. முன்பு நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் ஒரு ஜெபம் எழுதிக் கொடுத்தது. மொத்தம் 22 ஆங்கில வார்த்தை. இயேசு பெயரே கிடையாது, பிடிக்காத பிள்ளை விலகிக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதையே 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, சொன்ன பிரார்த்தனைக்கும் 1992இல் அதே கதி. 2000இல் வந்த தீர்ப்பு எங்கள் ஹூஸ்டன் பக்கத்து சான்டா ஃபே பள்ளியைப் பற்றியது. ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன் மைக்கில் ஜெபம், அதுவும் செல்லாது என்றார்கள். வழக்குப் போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் மார்மன் என்ற பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பமும். அந்த ஊர் ஜெபத்தில் அவர்களுக்கே இடம் இல்லாமல் போயிருக்கிறது பாருங்கள்.

அதற்காகப் பள்ளியில் ஜெபமே கூடாது என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். செப்டம்பரில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் என் மகள் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்று தோழிகளோடு ஜெபம் செய்வாள். 1990இல் இதே டெக்சாஸில் பர்ல்சன் என்ற ஊரில் பிள்ளைகள் தொடங்கிய வழக்கம் அது. நடத்துவது பிள்ளைகள். ஆசிரியர் யாரும் கட்டாயப்படுத்தி நிற்க வைப்பதில்லை, தூக்கக் கலக்கத்தில் காரில் கொண்டுபோய் விடுகிற நான்தான் அங்கே ஒரே பெரியவன். ஹைஸ்கூலில் அவளுடைய பைபிள் கிளப்புக்கு அறை கிடைத்ததும் 1984ஆம் வருடச் சட்டத்தால்தான். செஸ் கிளப்புக்கு இடம் உண்டென்றால் மத கிளப்புக்கும் உண்டு. நாளைக்கு உங்கள் மகன் ஹைஸ்கூலில் திருவாசகம் படிக்க ஒரு கிளப் கேட்டாலும் அதே சட்டம்.

திருநீறு விஷயத்தில் உங்கள் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. 1999இல் டெக்சாஸ் மதச் சுதந்திரத்துக்குத் தனிச் சட்டமே போட்டது. நீட்வில் என்ற ஊரில் பூர்வகுடிச் சிறுவன் ஒருவனின் நீளச் சடையைச் சட்டைக்குள் மறைக்கச் சொன்ன பள்ளி, 2010இல் மேல்முறையீட்டிலும் தோற்றது இந்தச் சட்டத்தால்தான். டிரெஸ் கோட் என்ற வாதம் அங்கேயும் வந்தது. அந்த டீச்சரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சாம்பல் புதனன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் நெற்றியில் சிலுவைக் குறியோடு வந்தால் கழுவச் சொல்வாரா?

இரண்டையும் ஒரே மெயிலில் போட்டுக் குழப்ப வேண்டாம். கோச்சின் நல்ல குணத்தையும் எழுதுங்கள், அது உண்மைதானே. தண்டனை கேட்காதீர்கள், அவர் நடத்துவதை நிறுத்தச் சொன்னால் போதும்.

பதில் 3: வரிசைக்கு வெளியே

2022 தீர்ப்பை விட்டுவிட்டீர்களே? வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமெர்டன் என்ற ஊரின் அரசுப் பள்ளி ஃபுட்பால் கோச் மைதான நடுவில் மண்டியிட்டதற்கு உச்ச நீதிமன்றம் 6-3 என்று ஆதரவு கொடுத்ததே. பள்ளி அதைத்தான் காட்டும்.

ஹூஸ்டன் சி.எஸ்.ஐ. அப்பா

காட்டட்டும். அங்கே நீதிபதிகள் பார்த்தது ஆட்டம் முடிந்த பிறகு, பையன்கள் வேறு வேலையில் இருக்கும்போது, அவர் தனியாகச் செய்த ஜெபத்தை. அந்த விவரம் சரியா என்று எதிர்த்த மூன்று நீதிபதிகளே தங்கள் மறுப்புத் தீர்ப்பில் போட்டோ போட்டுக் கேட்டார்கள், அது வேறு கதை. இங்கே கோச் பையன்களை மண்டியிட வைக்கிறார். அவர் மட்டும் ஓரமாகக் கண்ணை மூடினால் நானே பக்கத்தில் போய் நிற்பேன்.

டல்லாஸ் அம்மா

இரண்டு மெயிலும் தனித்தனியாக அனுப்பினேன். திருநீற்றுக்கு அன்றே பதில் வந்தது: தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும். கோச் விஷயத்துக்கு "பேசுகிறோம்" என்று ஒரு வரி.

நேற்று ஆட்டத்துக்கு முன் கோச் தண்ணீர் கூலர் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஒரு பையன் தானாகவே ஜெபத்தை ஆரம்பித்தான், ஏழெட்டுப் பேர் மண்டியிட்டார்கள். என் மகன் ஷூ லேஸ் கட்டினான். ரொம்ப நேரம் கட்டினான். ஆட்டத்தில் வழக்கம்போல இறக்கினார்கள், வழக்கம்போலத் தோற்றார்கள்.

காரில் ஏறியதும், "நீ மெயில் போட்டியாம்மா?" என்றான். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.