அவசரம்: கேப் ரிசல்ட் ஏற்றியும் 'இன்கம்ப்ளீட்' என்றே காட்டுகிறது, உதவித்தொகை போய்விடுமா?

காஸ்ட்ரீஸ் முத்து (புதியவர்), திங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது, கூடவே உதவித்தொகையும். ரிசல்ட் வந்த அன்றைக்கே போர்ட்டலில் ஏற்றிவிட்டோம். மூன்று நாளாகியும் 'இன்கம்ப்ளீட்' என்றே இருக்கிறது. இந்த வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் உதவித்தொகையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மெயில் வந்திருக்கிறது. கரீபியன் அட்மிஷன் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மதுரை டாக்டரம்மா, திங்கள்

பையன் கரீபியனில் எம்பிபிஎஸ் சேரப் போகிறானா? பணம் கட்டிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். 2021-இல் வந்த விதிகளின்படி வெளிநாட்டில் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே வந்து பதிவு செய்ய முடியாது. 'உதவித்தொகை' என்று ஏஜென்ட் சொல்வது பல நேரம் கட்டணத்தை முதலில் ஏற்றி, பிறகு குறைத்துக் காட்டுவதுதான். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த மெயிலை அனுப்பியது கல்லூரியா, ஏஜென்ட்டா?

மாம்பலத்தான் (மூத்த உறுப்பினர்), திங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனை தடவை எழுதுவது? எந்த நாட்டு மாணவர், எந்த நாட்டுப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எந்தத் தேர்வு எழுதினார், போர்ட்டலில் எந்த வரிக்கு நேராக 'இன்கம்ப்ளீட்' என்று இருக்கிறது. இந்த ஐந்தும் இல்லாமல் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவர்களின் நேரம்தான் வீணாகும். அட்மிஷன் விஷயத்தில் பதினைந்து வருடமாகப் பலருக்கு வழிகாட்டியிருக்கிறேன், அவசரப்பட்டு எழுதியவர்கள்தான் கடைசியில் இடத்தைக் கோட்டைவிட்டார்கள். முதலில் நிதானமாக எழுதப் பழகுங்கள்.

உறையூர் பாலு, திங்கள்

எனக்குத் தெரிந்து இது சதவீதப் பிரச்சினைதான். போர்ட்டலில் மொத்த சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் விட்டால் இப்படித்தான் காட்டும். எல்லாப் பாடத்தையும் கூட்டி வகுத்துப் போட்டுவிடுங்கள். என் தங்கைக்கு அப்படித்தான் சரியானது.

காஸ்ட்ரீஸ் முத்து, திங்கள் இரவு

மன்னிக்கவும், பதற்றத்தில் பாதியை விட்டுவிட்டேன். பையன் என் மகன் இல்லை. நான் செயின்ட் லூசியா என்ற கரீபியன் தீவில் கணக்கு வாத்தியார், ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். பையன் கீழ்வீட்டுப் பிள்ளை, இந்த ஊர்க்காரன். அவன் அம்மா ராட்னி பே பக்கம் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறார். விடியுமுன் மினிபஸ் பிடித்துப் போனால் திரும்ப இருட்டிவிடும். வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி போனதில்லை.

எம்பிபிஎஸ் இல்லை, இன்ஜினியரிங். கனடா. ரிசல்ட் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தான். அதை வெளியே எடுக்கவே மனமில்லாமல் உறையோடு படம் எடுத்து ஏற்றினோம். ப்யூர் மேத்ஸ் 1, பிசிக்ஸ் 1, கெமிஸ்ட்ரி 2.

உறையூர் பாலு, செவ்வாய்

1, 1, 2 என்றால் பெயிலா? அதனால்தான் ஏற்கவில்லையோ?

சகுவானாஸ் அக்கா, செவ்வாய்

பெயில் இல்லை தம்பி, 1 தான் உச்சம். கேப் என்பது கரீபியன் நாடுகளில் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் எழுதும் தேர்வு, நம்ம ஊர் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி. அதில் 1 முதல் 7 வரை தரம் போடுவார்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் (ஒரு வருடப் பாடம்) மூன்று மாடியூல் (பிரிவு), அவற்றுக்குத் தனியாக எழுத்துத் தரமும் தாளில் இருக்கும். தயவுசெய்து யாரும் அதைச் சதவீதமாக மாற்றிப் போடச் சொல்லாதீர்கள். மாணவர் தானாகக் கணக்குப் போட்டு ஓர் எண்ணை எழுதி, அது பல்கலைக்கழகத்தின் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் தவறான தகவல் கொடுத்தார் என்ற பேச்சு வந்துவிடும்.

முத்து, நான் ட்ரினிடாடில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் வந்தால் தினமும் இதே கதைதான். நீங்கள் ஏற்றிய படம் மாணவர் தரப்பில் காட்டும் ஆதாரம் மட்டும்தான். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தேர்வை நடத்தும் சி.எக்ஸ்.சி.யிடமிருந்து நேரடியாக வரும் டிரான்ஸ்கிரிப்டைத்தான் (தேர்வு முடிவுச் சான்று) அதிகாரபூர்வமாக ஏற்கும். அதற்கு விண்ணப்பித்தீர்களா?

ஸ்கார்பரோ சிவம், செவ்வாய்

தம்பி, நான் இங்கே பிள்ளைகளுக்கு நிறைய விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்றால் இது ஆங்கிலத் தேர்வு விஷயம் போலத்தான் தெரிகிறது. ஐஇஎல்டிஎஸ் எழுதினவரோ? அந்த வரி காலியாக இருந்தால் கோப்பு மூடாது. இன்னொன்று, ஸ்டடி பெர்மிட்டுக்குப் பணம் காட்ட வேணும். 2025 செப்டம்பர் 1 முதல், கியூபெக் தவிர மற்ற இடங்களுக்கு, டியூஷன் போக ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு 22,895 கனடா டாலர். உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். அதனால் அந்தக் கடிதத்தை விட்டுவிடாதேங்கோ.

தஞ்சை இளங்கோ, செவ்வாய்

கனடா கைவிட்டால் கவலை வேண்டாம், இந்தியா இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்திய அரசு கொடுக்கும் ஐசிசிஆர் உதவித்தொகையில் டியூஷன், மாதப்படி, வாடகைப்படி எல்லாம் உண்டு. மருத்துவம் கிடையாது, இன்ஜினியரிங் உண்டு. சென்னையிலேயே வந்து படிக்கலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

சகுவானாஸ் அக்கா, செவ்வாய்

இளங்கோ, நல்ல மனசு. ஆனால் அதற்கான விண்ணப்பக் காலம் இந்த வருடத்துக்கு முடிந்திருக்கும். பையனுக்கு வெள்ளிக்கிழமைதான் கெடு. சிவம் அண்ணா, செயின்ட் லூசியாவில் பள்ளிப்படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான், வீட்டில் க்வேயோல் என்ற உள்ளூர் மொழி பேசினாலும். அதனால் பல இடங்களில் ஐஇஎல்டிஎஸ் கேட்க மாட்டார்கள்.

கேவ்ஹில் மாணவி, செவ்வாய்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தப் பையன் ஏன் கனடா போக வேண்டும்? வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் இன்ஜினியரிங் படிப்பு ட்ரினிடாடில், செயின்ட் அகஸ்டின் வளாகத்தில் இருக்கிறது. செயின்ட் லூசியா அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பங்களிக்கும் நாடு. செலவில் பெரும்பகுதியை அரசுகள் ஏற்பதால் மாணவர் கட்டுவது ஒரு பங்குதான். ஜமைக்காவில் மோனாவில் 1948-இல் 33 மருத்துவ மாணவர்களோடு தொடங்கிய இடம் அது. இந்தத் தீவுகள் சேர்ந்து கட்டியது. கயானா, ஜமைக்கா போன்ற நாடுகளில் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளியே போய்விட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை நாமே பெட்டி கட்டி அனுப்பினால் இங்கே யார் மிஞ்சுவார்கள்?

ஸ்கார்பரோ சிவம், செவ்வாய்

பிள்ளை, அது சொல்ல நல்லாயிருக்கு. ஆனால் அறை சுத்தம் செய்கிற தாய்க்கு முழு உதவித்தொகை என்பது சின்ன விஷயமில்லை. செயின்ட் அகஸ்டினில் படித்தாலும் விமானம், வாடகை, சாப்பாடு என்று யார் கொடுப்பது? செயின்ட் லூசியாவின் ஆர்தர் லூயிஸும் வெளியே போய்த்தானே படித்தார். 1932-இல் அரசு உதவித்தொகை கிடைத்தது. இன்ஜினியராக ஆசைப்பட்டவர். கறுப்பரை இன்ஜினியராக அரசும் எடுக்காது, தோட்டங்களும் எடுக்காது என்று தெரிந்து லண்டனில் வணிகம் படிக்கப் போனார். 1979-இல் பொருளாதார நோபல். தீவிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?

கேவ்ஹில் மாணவி, செவ்வாய்

அண்ணா, அவர் காலத்தில் தீவுகளில் பல்கலைக்கழகமே இல்லை, அதனால் போனார். அதே லூயிஸ் திரும்பி வந்து வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஸ்கார்பரோ சிவம், செவ்வாய்

விடவில்லை. 1963-இல் பிரின்ஸ்டனுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

கேவ்ஹில் மாணவி, செவ்வாய்

1970-இல் கரீபிய வளர்ச்சி வங்கியின் முதல் தலைவராக பார்படோஸுக்கு வந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இன்றைக்கு காஸ்ட்ரீஸ் மலைமேல் தன் பெயரில் இருக்கும் கல்லூரி வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். போவது தப்பென்று நான் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்கிறேன். அரசு உதவித்தொகை என்றால் திரும்பி வந்து வேலை செய்ய ஒப்பந்தமாவது இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கொடுக்கும் பணத்துக்கு அதுகூட இல்லை.

மதுரை டாக்டரம்மா, செவ்வாய்

ஒப்பந்தம் போட்டுப் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊரில் வேலையை உண்டாக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கி என்ன பயன்?

மாம்பலத்தான் (மூத்த உறுப்பினர்), புதன்

லூயிஸைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஒரு பையனின் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. முத்து, நான் முதல் நாளே கேட்ட ஐந்தாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எந்த வரிக்கு நேராக 'இன்கம்ப்ளீட்'? அதைப் பார்க்காமல் ஆளாளுக்கு ஊகம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

காஸ்ட்ரீஸ் முத்து, புதன்

இரண்டு வரிகளுக்கு. 'இறுதித் தேர்வு முடிவுகள்', 'ஆங்கிலத் தகுதி'. சகுவானாஸ் அக்கா, சி.எக்ஸ்.சி. டிரான்ஸ்கிரிப்டுக்கு ரிசல்ட் வந்த அன்றே பையன் விண்ணப்பித்துவிட்டான். பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் மெயில் வந்திருக்கிறது. அதனால்தான் அதைத் தனியாகச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தும் ஏன் இப்படி என்றுதான் புரியவில்லை.

சகுவானாஸ் அக்கா, புதன்

அதைத்தான் தம்பி முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் எந்த வருடத் தேர்வைக் குறிப்பிட்டான்? கேப் இரண்டு வருடம். யூனிட் 1 போன வருடம், யூனிட் 2 இந்த வருடம் எழுதியிருப்பான். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் தேர்வு எண் வேறு. அதற்கு முன்னால் பள்ளியில் எழுதிய சிசெக் தேர்வுக்கு மையமே வேறு, எண்ணும் வேறு. இந்த வருட எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் யூனிட் 2 மட்டும்தான் போயிருக்கும். அதைப் பார்க்கிற அதிகாரிக்குப் பாதிப் படிப்புதான் கண்ணில் படும்.

கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் பாடத்தை எந்த வருடம் எழுதினான்? அது ஒரே யூனிட் பாடம், பல பிள்ளைகள் முதல் வருடமே முடித்துவிடுவார்கள்.

காஸ்ட்ரீஸ் முத்து, புதன் இரவு

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இந்த வருட எண் மட்டும்தான் கொடுத்திருக்கிறான். கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் போன வருடம் முடித்தது. சிசெக் ஆங்கிலமும் பள்ளியில் முடித்ததுதான்.

சகுவானாஸ் அக்கா, புதன் இரவு

அப்போ இரண்டு வரிகளுக்கும் காரணம் ஒன்றுதான். சிவம் அண்ணா சொன்னது பாதி சரி, ஆங்கில வரி திறந்துதான் கிடக்கிறது. ஆனால் புதிதாகத் தேர்வு எழுத வேண்டாம், எழுதி முடித்ததே போய்ச் சேரவில்லை.

இன்றிரவே செய்யுங்கள். சி.எக்ஸ்.சி. தளத்தில் மறுபடி விண்ணப்பித்து மூன்று தேர்வுகளையும், மூன்று எண்களையும் போடுங்கள். பழைய எண் நினைவில்லாவிட்டால் பழைய ரிசல்ட் தாளில் இருக்கும், தாளும் இல்லாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மின்னணு முறையில் அனுப்பச் சொல்லுங்கள். பெயர் மூன்று இடத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளியில் அம்மாவின் குடும்பப் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் குடும்பப் பெயர் என்று இருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

டிரான்ஸ்கிரிப்ட் வெள்ளிக்குள் போய்ச் சேராமலும் போகலாம். அதனால் விண்ணப்பித்த ரசீதையும், மூன்று ரிசல்ட் தாள்களையும் உறையிலிருந்து எடுத்து ஒழுங்காக ஸ்கேன் செய்து, அட்மிஷன் அலுவலகத்துக்கும் உதவித்தொகை அலுவலகத்துக்கும் தனித்தனியாக மெயில் போடுங்கள். இரண்டும் வேறு வேறு அலுவலகம், ஒன்றுக்குச் சொன்னது மற்றொன்றுக்குத் தெரியாது. யூனிட் 1, யூனிட் 2 என்றால் என்ன என்று இரண்டே வரியில் விளக்குங்கள், கெடுவை நீட்டித் தரும்படி நேரடியாகக் கேளுங்கள். மெயில் பையன் பெயரில், அவன் முகவரியிலிருந்து போகட்டும். நீங்கள் எழுதினால் அடுத்தவர் விவரம் என்று பதில் சொல்ல மறுப்பார்கள்.

மாம்பலத்தான் (மூத்த உறுப்பினர்), வியாழன்

சரியான பதில். விண்ணப்ப எண்ணை மெயில் தலைப்பிலேயே போடச் சொல்லுங்கள். ஆகஸ்டில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மெயில் வரும் இடம் அது, உள்ளே இருந்தால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

தஞ்சை இளங்கோ, வெள்ளி

முத்து சார், என்ன ஆச்சு?

கேவ்ஹில் மாணவி, ஞாயிறு

நானும் தினமும் வந்து பார்க்கிறேன். அவன் எங்கே படித்தாலும் சரி, இடம் போய்விடக் கூடாது. ஒரு வரியாவது போடுங்கள்.

காஸ்ட்ரீஸ் முத்து, அடுத்த புதன்

தாமதத்துக்கு மன்னிக்கவும், இங்கே புயல் எச்சரிக்கையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. யூனிட் 1-ம் சிசெக்கும்தான் விட்டுப்போயிருந்தது. உதவித்தொகை அலுவலகம் ஒரு வாரம் நீட்டித்தது. நேற்று இரண்டு வரியும் 'கம்ப்ளீட்' ஆகிவிட்டது. உதவித்தொகைக் கடிதமும் வந்துவிட்டது. அவன் அம்மா இரண்டு சீப்பு பச்சை வாழைக்காய் கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றார். ஸ்டடி பெர்மிட் வேலை இன்று தொடங்குகிறோம். அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

சகுவானாஸ் அக்கா, அடுத்த புதன்

சந்தோஷம் தம்பி. பெர்மிட் செப்டம்பருக்குள் வராவிட்டால் ஜனவரிக்குத் தள்ளிச் சேர முடியுமா, அப்படித் தள்ளினால் உதவித்தொகை நிலைக்குமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகன், பத்து நாள் கழித்து

வணக்கம், எனக்கும் இதே பிரச்சினை. ரிசல்ட் ஏற்றியும் ஏற்கவில்லை. அவசரம், யாராவது உதவுங்கள்.

மாம்பலத்தான் (மூத்த உறுப்பினர்), பத்து நாள் கழித்து

எந்த நாட்டு மாணவர், எந்த நாட்டுப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எந்தத் தேர்வு, எந்த வரி?