முனகும் கம்ப்ரசர்: ரீவைண்டிங்குக்கு (காயிலைப் புதுசா சுத்துறதுக்கு) தூக்குவதற்கு முன் பெங்களூரு மோட்டார், ஒயரிங் ஆட்கள் நாலு பேர் சொல்றது

பீன்யா, மோட்டார் ஒர்க்‌ஷாப்:
குஜரியில் (பழைய சாமான் கடையில்) எடுத்த 2 எச்.பி. சிங்கிள் பேஸ் கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று முனகி எம்.சி.பி.யை டிரிப் செய்தால், உடனே காயில் போச்சு என்று முடிவு கட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கி, டாங்கிக் காற்றை இறக்கி, பெல்ட்டைக் கழற்றுங்க. பெல்ட் இல்லாமல் மோட்டார் சட்டென்று கிளம்பினால் கோளாறு பம்ப்பிலோ அன்லோடரிலோ (மோட்டார் நின்றதும் பம்ப்பில் தங்கின காற்றை வெளியே விடுற வால்வு) இருக்கு. அப்பவும் முனகினால் முதலில் கண்டன்சரை (கெப்பாசிட்டர்) பாருங்க, அப்புறம் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் (மோட்டார் வேகம் எடுத்ததும் ஸ்டார்டிங் காயிலை லைனிலிருந்து விலக்குறது), கடைசியாகத்தான் காயில். புல்லியைக் கையால் சுற்றிவிட்டுக் கிளப்பிப் பார்க்கிற பழைய வழக்கம் வேண்டாம், விரல் போகும்.

கண்டன்சரைத் தொடும் முன் அதன் இரு முனைக்கும் குறுக்கே 60 வாட் குண்டு பல்பைக் கொஞ்ச நேரம் பிடிச்சு சார்ஜை இறக்குங்க. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் கண்டன்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. ரன்னிங் கண்டன்சரில் எழுதியதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைஞ்சிருந்தால் மாத்திடுங்க. எம்.எப்.டி. (மைக்ரோ ஃபாரட் அளவு) அதேதான் இருக்கணும். வோல்ட் அதிகம் போட்டால் பரவாயில்லை, குறைக்கவே கூடாது.

சிவாஜிநகர், ஒயர்மேன்:
அண்ணா சொன்னதோடு ஒண்ணு. பழைய மோட்டாரில் ஒயர் கலரை நம்பாதீங்க, யாரோ ஏற்கெனவே பிரிச்சு மாட்டியிருப்பாங்க. மூணு ஒயர் வந்தால் மூணு ஜோடியையும் ஓமில் அளங்க. உதாரணத்துக்கு 2, 4.5, 6.5 என்று வருதுன்னா, 6.5 காட்டுற ஜோடியில் சேராத ஒயர்தான் காமன். காமனோடு 2 காட்டுறது ரன்னிங், 4.5 காட்டுறது ஸ்டார்டிங். நாலு ஒயர் வந்தால் ரெண்டு தனி ஜோடி. ஓம் குறைஞ்சது ரன்னிங். திருப்பிச் சுத்தினால் ஸ்டார்டிங் ஜோடியின் ரெண்டு முனையை மட்டும் மாத்துங்க.

ஸ்டார்டிங் பக்கம் மீட்டர் ஓப்பன் (இணைப்பு அறுந்த மாதிரி) காட்டினால் பதறாதீங்க. பாதி நேரம் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் பாயின்ட்டில் கரி பிடிச்சிருக்கும். பின் கவரைத் திறந்து, சுவிட்சை விட்டுட்டு நேரா காயில் முனையில் அளங்க. பாயின்ட் கரி நைஸ் எமரி பேப்பரில் போயிடும்.

இதுக்கு நேர் எதிர்க் கோளாறுதான் மோசம்: பாயின்ட் ஒட்டிக்கிட்டு விலகாமல் நிற்கிறது. ஸ்டார்டிங் கண்டன்சர் சில நொடி வேலைக்குத்தான் செஞ்சது. லைனிலேயே நின்னால் வெடிக்கும், பின்னாடியே ஸ்டார்டிங் காயிலும் கருகும். கிளம்பும்போது ஒரு ‘டக்’, ஆஃப் செய்து வேகம் குறையும்போது இன்னொரு ‘டக்’. ரெண்டும் காதில் விழணும்.

பொம்மசந்திரா, மெயின்டனன்ஸ்:
காலி டாங்கியில் ஓடுது, 120 பி.எஸ்.ஐ.யில் நிற்குது, 80-இல் திரும்ப எடுக்கும்போது மட்டும் முனகுது என்றால் மீட்டரை எடுக்கவே வேண்டாம். நின்றதும் பிரஷர் சுவிட்சில் ஓரிரு நொடி ‘புஸ்’ வரணும். வரவே இல்லை என்றால் அன்லோடர் ஊசியோ சின்ன டியூபோ அடைச்சிருக்கு. பம்ப் ஹெட்டில் நிற்கிற காற்றை எதிர்த்து மோட்டார் கிளம்ப முடியாது. ‘புஸ்’ நிற்காமல் வந்தால் டாங்கி வாயில் இருக்கும் என்.ஆர்.வி. (காற்றைத் திரும்ப விடாத வால்வு) கசியுது. இந்த ரெண்டுக்காக நல்ல காயிலை அறுத்துப் போடுறவங்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

கே.ஆர். புரம், எலக்ட்ரீஷியன்:
எக்ஸ்டென்ஷன் ஒயரையும் பாருங்க. 30 மீட்டர் 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் போக வர 60 மீட்டர் காப்பர், சுமார் 1.1 ஓம். கிளம்பும்போது 50 ஆம்ப் இழுத்தால் 55 வோல்ட் ஒயரிலேயே போச்சு. டார்க் (சுழற்றுகிற விசை) வோல்ட்டேஜின் வர்க்கத்தில் விழும் என்பதால் மோட்டாருக்குக் கிடைப்பது பத்தில் ஆறு பங்குக்கும் கொஞ்சம் கீழே. 2.5 ஸ்கொயர் போட்டு, 16 ஆம்ப் சாக்கெட்டில் நேரா கொடுங்க. நீளம் வேணும்னா ஒயரை நீட்டாமல் ஏர் ஹோஸை நீட்டுங்க.

பீன்யா, மோட்டார் ஒர்க்‌ஷாப்:
ஹோஸ் யோசனை சரி. மழைக்காலம் முழுக்க வெளியில் கிடந்த மோட்டார் என்றால் சப்ளையும் கண்டன்சரும் கழற்றிட்டு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) போடுங்க, காயிலுக்கும் பாடிக்கும் நடுவில். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் கரண்ட் கொடுக்காதீங்க. கவரைத் திறந்து பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை ராத்திரி முழுக்க எரியவிட்டு, ஆறினதும் மறுபடி அளங்க. ஏறினால் ஈரம்தான். ஏறவே இல்லையென்றால் அப்போ ரீவைண்டிங்குக்குக் கொடுங்க.