பழைய காரில் ஸ்டியரிங் ஆட்டம்: வீட்டிலேயே சரிசெய்தவர்களின் அனுபவங்கள்

கோவை, அம்பாசடர் மார்க் 4

அம்பாசடரில் ஸ்டியரிங் லூஸ் என்று சொன்னாலே மெக்கானிக்குகள் "பாக்ஸை டைட் பண்ணிடலாம் சார்" என்கிறார்கள். அம்பாசடரில் அந்த ஸ்டியரிங் கியர் பாக்ஸே கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து பிறந்த வண்டி இது. 1950களிலேயே அதில் ரேக் அண்ட் பினியன்தான்: பினியன் என்ற சிறு பல்சக்கரம், ரேக் என்ற பல் வைத்த தண்டை இடமும் வலமும் தள்ளும். ரேக் உள்ள வண்டியில் ஆட்டம் அநேகமாக இருக்கவே கூடாது. என் வண்டியிலோ ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் முன் சக்கரம் அசையவில்லை. அவிநாசி ரோட்டில் அறுபதைத் தொட்டால் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆட்டம் எந்த மூட்டில் என்று தெரியாமல் எதையும் இறுக்காதீர்கள். இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜாக்கி போடாமல், சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே என் மகளை சீட்டில் உட்கார வைத்து, ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் அசைந்து, அடுத்த பக்கம் தாமதமாக வந்தால் தேய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததுகூட விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் ராடு பினியனோடு சேரும் இடம், ரேக்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகள், ரப்பர் உறைக்குள் இருக்கும் உள் பால் ஜாயிண்ட், வெளியே டை ராடு சக்கரத்தின் ஆர்மோடு சேரும் டை ராட் எண்ட் என்று வரிசையாகப் போனேன். இடது டை ராட் எண்ட் தேய்ந்திருந்தது. ரேக்கின் ஒரு கிளாம்ப் போல்ட்டும் தளர்ந்திருந்தது.

டை ராட் எண்டைக் கழற்றுவதுதான் பலரையும் வதைக்கும் வேலை. நட்டைத் தளர்த்தினாலும், கூம்பு வடிவில் இறுகச் செருகியிருக்கும் டேப்பர் விடாது. நட்டை முழுக்க எடுக்காமல் சில புரி விட்டு வையுங்கள். ஆர்மில் எண்ட் செருகியிருக்கும் கண்ணுக்கு ஒருபுறம் கனமான சுத்தியலை அண்டக்கொடுத்து, மறுபுறம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் சட்டென்று விட்டுவிடும். திரெட்டின் தலையில் மட்டும் அடிக்கக் கூடாது. பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் கட்டாயம் புதிது போட வேண்டும். பழையதை நிமிர்த்தி மறுபடி மாட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

மிச்சம் கொஞ்சம் ஆட்டம் ரேக்கிலேயே இருந்தது. ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் மூடிக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றை எடுத்தால் இறுகும். நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் பல் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அந்த நடு ஆட்டம் முழுவதும் போகட்டும் என்று ஷிம்களை எடுத்துக்கொண்டே போனால், கடைசி வரை ஒடிக்கும்போது பிடித்துக்கொள்ளும். திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராத வண்டி, ஆட்டம் உள்ள வண்டியைவிட ஆபத்தானது. அதனால் ஒரு ஷிம்மோடு நிறுத்தி, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை. நூலளவு ஆட்டம் இருக்கிறது, அது இருக்கட்டும்.

யாழ்ப்பாணம், மொறிஸ் மைனர் 1000

அண்ணை, நல்ல விளக்கம். ஆனா முன்சில்லை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டிப் பாக்கிறதையும் சேர்த்துச் சொல்லோணும். மைனர் வைச்சிருக்கிற எங்களுக்கு உயிர் அதிலதான் இருக்கு. சில்லைத் தூக்கி, மேலயும் கீழயும் கை வைச்சு ஆட்டேக்க ஆட்டம் தெரிஞ்சா, இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கோ. ஆட்டம் நிண்டா அது பெயாரிங். நிக்காட்டி ட்ரனியன், சில்லைத் தாங்கித் திரும்ப விடுற மூட்டு.

மைனரில அந்த ட்ரனியன் புரி போட்டுத்தான் ஏறியிருக்கு. கிறீஸ் இல்லாமல் காய்ஞ்சா புரி தேய்ஞ்சு, ஒருநாள் கழண்டுபோய் சில்லு அப்பிடியே மடிஞ்சு விழும். 1000 மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்கச் சொல்லித்தான் பழைய கைநூலிலயும் இருக்கு. சில்லு நிலத்தில நிக்கேக்க அடிச்சா பாரம் தாங்கிற பக்கத்துக்கு கிறீஸ் போகாது. தூக்கி வைச்சு, பழைய கறுப்புக் கிறீஸ் வெளிய தள்ளுப்பட்டு புதுசு வருமட்டும் அடியுங்கோ. இடமும் வலமும் எதிரெதிர்ப் புரி, மாறிப் போட ஏலாது.

இது அப்பான்ர கார். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடினது. அப்ப புது ட்ரனியனுக்கு எங்க போறது? அவர் கிறீஸ் அடிச்சு அடிச்சுத்தான் இதைக் காப்பாத்தினவர். அந்தக் கவனத்தை நான் அவரிட்டப் படிச்சனான்.

போடி, மகிந்திரா சிஜே3பி ஜீப்

அண்ணே, எங்க ஜீப்புல நெசமாவே பாக்ஸ் இருக்கு. ஆனா இங்கயும் முதல்ல பாக்ஸைத் தொடக் கூடாதுங்கிறதுதான் என் அனுபவம். முன்னால குறுக்குச் சட்டத்துல பெல்கிராங்க்னு பின்னுல சுழல்ற ஒரு நெம்புகோல் இருக்கும். பாக்ஸிலிருந்து வர்ற ராடு (டிராக் லிங்க்) அதைத் தள்ளும், அதுலேருந்து ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனியா டை ராடு போகும். அந்த பெல்கிராங்க் பின்னும் பேரிங்கும் தேஞ்சா, பாக்ஸை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி அலையும். ஏலத்தோட்டத்து மண்ரோட்டுல ஓடுற ஜீப்புல அது தேயாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

அதை மாத்தின பிறகுதான் பாக்ஸ் பக்கம் போனேன். டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் சரியா நடுவுல இருக்கும்போது மட்டும் பக்கத்து மூடியில இருக்குற ஸ்க்ரூவைத் திருப்பணும். உள்ள இருக்குற கேம்ங்கிற புரித்தண்டு நடுவுலதான் இறுக்கமா இருக்குற மாதிரி வெட்டியிருப்பாங்க. ஓரத்துல வச்சு இறுக்கிட்டா, நடுவுக்கு வரும்போது கடிச்சுக்கும். போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுல அப்படி ஒரு வண்டியோட மாட்டிக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன்.

சென்னை, பிரீமியர் பத்மினி

கோவை அண்ணா, எண்டை மாற்றிய பிறகு சுற்று எண்ணி ஏற்றினால் போதுமா, அலைன்மென்ட் வேண்டுமா?

கோவை, அம்பாசடர் மார்க் 4

கட்டாயம் வேண்டும்மா. சுற்று எண்ணுவது வண்டியை அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப் போவதற்குத்தான். புது எண்டின் நீளம் மயிரிழை மாறினாலும் டயர் ஓரம் தின்னும். போவதற்கு முன் இரண்டு முன் டயரின் நடுக்கோட்டிலும் சாக்பீஸால் குறியிட்டு, அச்சின் உயரத்தில் டேப் பிடித்து, முன்புறமும் பின்புறமும் அளந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், வீட்டிலேயே டை ராடைத் திருப்பி ஓரளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.