பொருள்: தென்னங்குழியில் கிடைத்த வெள்ளிக்காசும் சால்க்ரோவ் பானையும்

ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்த இடத்தில் கிடைத்ததாகப் போன வாரம் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய வெள்ளிக்காசின் படத்தை நானும் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டில் புளி போட்டு நன்றாக விளக்கியிருக்கிறார்கள். அதனால் மூக்கும் கழுத்தும் பளிச்சென்று தெரிகின்றன, சுற்றியிருந்த எழுத்துகள் பாதிக்கு மேல் போய்விட்டன. அது ரோமானியக் காசுதானா, எந்த மன்னனுடையது, என்ன விலை போகும் என்று குழுவில் பலரும் கேட்டிருந்தார்கள். படத்தைக் கொண்டு முதல் இரண்டு கேள்விகளுக்கு உறுதியாக விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால், குழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் மனக்குறை. அதற்கான காரணத்தை, நான் குடியிருக்கும் இந்த ஊருக்கு அருகே கிடைத்த ஒரு காசின் கதையைக் கொண்டு சொல்கிறேன்.

ஆக்ஸ்போர்டுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சால்க்ரோவ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2003 ஏப்ரலில் அங்கே வயலில் உலோகங்காட்டும் கருவியோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் ஒரு மண்பானையைக் கண்டெடுத்தார். உள்ளே இருந்த காசுகள் பதினேழு நூற்றாண்டுக் களிம்பில் ஒன்றோடொன்று இறுகி ஒரே கட்டியாகியிருந்தன. அவர் அதை உடைக்கவுமில்லை, தேய்க்கவுமில்லை. கட்டி அப்படியே லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பழம்பொருள் பராமரிப்பு வல்லுநர்கள் பொறுமையாகப் பிரித்தெடுத்தபோது 4,957 காசுகள் தேறின. ஏறக்குறைய எல்லாமே கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் சாதாரணச் சில்லறை. பெயருக்கு வெள்ளி, உண்மையில் செம்பு. அவற்றை மன்னர் பெயர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த நாணயவியலாளர் ரிச்சர்ட் ஆப்டியின் கையில் ஒரு காசு மட்டும் எந்த அடுக்கிலும் சேராமல் நின்றது. கதிர் முடி சூடிய, தாடி வைத்த தலையைச் சுற்றி ‘தொமித்தியானுஸ்’ என்ற பெயர் இருந்தது.

தொமித்தியன் என்றால் கி.பி. 81 முதல் 96 வரை ஆண்டு கொலையுண்ட பேரரசர்தான் நினைவுக்கு வருவார். இவர் அவரல்லர். ரோமப் பேரரசு மூன்றாம் நூற்றாண்டில் சிதறியபோது, கி.பி. 260இல் போஸ்துமுஸ் என்ற தளபதி இன்றைய பிரான்சு, பிரிட்டன் பகுதிகளைத் தனியே பிரித்துக்கொண்டு ஆளத் தொடங்கினார். வரலாற்றாசிரியர்கள் காலியப் பேரரசு என்று அழைக்கும் அந்த ஆட்சி 274 வரை நீடித்தது. அதன் மன்னர்களில் ஒருவரான விக்டோரினுஸ் 271இல் கொலையுண்ட பின் தெத்ரிக்குஸ் அரியணை ஏறினார் என்று படித்திருக்கிறோம். அந்த இருவருக்கும் நடுவே, சில நாளோ சில வாரமோ, இந்த இரண்டாம் தொமித்தியன் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் ஒரு நாணயச்சாலையைக் கைப்பற்றித் தன் முகத்தைக் காசில் ஏற்றிவிட்டார். காசின் பின்புறத்தில் ‘படைகளின் ஒற்றுமை’ என்று பொறித்திருக்கிறார்கள். கட்சி உடைந்த மறுநாள் விடிவதற்குள் ஒட்டப்படும் ஒற்றுமைச் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வாசகத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். இதே மன்னனின் காசு ஒன்று 1900ஆம் ஆண்டிலேயே பிரான்சின் நான்த் நகருக்கு அருகே லெ கிளெயோன் என்னுமிடத்தில் கிடைத்திருந்தது. பழைய நூல்களில் தொமித்தியானுஸ் என்றொரு தளபதியைப் பற்றியும், ரோமப் பேரரசர் அவுரேலியன் அடக்கிய கலகக்காரர்களுள் அப்பெயருடைய ஒருவர் இருந்ததைப் பற்றியும் ஓரிரு வரிகள் இருந்தன. அவர் பேரரசராகவே முடிசூடிக்கொண்டார் என்பதற்கு அந்த ஒற்றைக் காசைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே, யாரோ எழுத்தை வெட்டி மாற்றிய போலி என்று அறிஞர்கள் பலர் அதை ஒதுக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக் காலம் அது நான்த் நகரின் தோப்ரே அருங்காட்சியகத்தில் சந்தேகப் பொருளாகவே கிடந்தது.

சால்க்ரோவ் காசை அதனோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே அச்சுகளில் அடிக்கப்பட்டவை என்று தெரிந்தது. அக்காலத்தில் முன்புறத்துக்கு ஓர் அச்சும் பின்புறத்துக்கு ஓர் அச்சுமாகக் கையால் செதுக்கி, நடுவே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். கையால் செதுக்கியது என்பதால் ஓர் அச்சைப் போல மற்றொன்று இராது. தாடி மயிரின் வளைவும் எழுத்துகளின் இடைவெளியும் கைநாட்டைப் போலக் காட்டிக்கொடுத்துவிடும். 1900இல் பிரான்சில் ஒருவர் போலி செய்திருந்தால், ஆக்ஸ்போர்டு மண்ணுக்குள் களிம்பேறிய கட்டியின் நடுவே அதே அச்சின் இணைக்காசு எப்படிப் போயிருக்கும்? அந்தக் கட்டிதான் சாட்சி. கண்டெடுத்தவர் பானையை வயலிலேயே உடைத்து, பளபளப்பானதைப் பொறுக்கி விற்றிருந்தால், இந்தக் காசும் இரண்டாவது போலி என்ற பெயரோடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் போயிருக்கும். இப்போது அது இங்குள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. பழுப்பும் கறுப்புமான அதன் நிறத்தைப் பார்த்தால் தெருவில் கிடந்தாலும் குனிந்து எடுக்கத் தோன்றாது.

இதை நம் பக்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842இல் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1891இலும் 1931இலும் அங்கேயே மீண்டும் கிடைத்தன. பெரும்பாலானவை ரோமின் முதல் இரு பேரரசர்களான அகஸ்டஸ், திபேரியுஸ் காலத்தவை. நம் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் அவ்விருவரின் வெள்ளிக்காசு வகைகள் பிரான்சிலுள்ள இன்றைய லியோன் நகரத்து நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை. பேரரசர் நீரோ கி.பி. 64இல் வெள்ளியின் தரத்தைக் குறைப்பதற்கு முந்தைய அந்தக் காசுகள் ஏறத்தாழச் சுத்த வெள்ளி. சரக்கு கொடுத்துக் காசு வாங்கிய நம் வணிகர்கள் தரம் பார்த்தே வாங்கியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நல்ல வெள்ளி என்பதே பிற்காலத்தில் அவற்றுக்கு எமனானது. எத்தனையோ காசுகள் ஆசாரிகளின் உருக்குக் கலத்துக்குள் போயிருக்கின்றன. என் அம்மிச்சியின் சுருக்குப்பையில் காது வைத்த ஒரு தலைக்காசு இருந்தது. அது எந்த நாட்டுக் காசு என்று கேட்கும் வயது எனக்கு வருமுன் ஆசாரியிடம் போய் மெட்டியாகிவிட்டது.

காசை எனக்கு அஞ்சலில் அனுப்பினால் இங்கே காட்ட முடியுமா என்று அண்ணன் தனிமடலில் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அதற்கும் முந்தைய 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர், என்ன பொருள், எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஊரார் ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கும் அந்தச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்கும். நாலு கிராம்கூட இல்லாத வெள்ளிக்கு அது என்ன தொகை வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டமோ சந்தை மதிப்பைக் கணித்து, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பகிர்ந்து கொடுக்க வழி செய்கிறது. சால்க்ரோவ் பானை உடையாமல் வந்து சேர்ந்ததில் அந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். நம் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அதுவரை குழி காத்திருக்காது.

ஆகவே அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருக்கும் உங்கள் தம்பியிடம் சொல்லி, அந்தக் குழியில் இப்போதைக்குக் கன்று வைக்காமல், மேலும் தோண்டாமல், ஓலை போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். வெட்டிக் குவித்த மண்ணில் ஓட்டுச் சில்லு ஏதேனும் கிடந்தால், அது காசிருந்த பானையின் துண்டாகவும் இருக்கலாம், கழுவாமல் ஒரு காகிதத்தில் மடித்துத் தேதி எழுதி வைக்கட்டும். காசை இனி யாரும் தேய்த்து விளக்க வேண்டாம். ஆட்சியருக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதி இந்த வார இறுதிக்குள் உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன். அதற்குள் எனக்குத் தேவைப்படுவது குழியின் படம் ஒன்றும், காசுக்குப் பக்கத்தில் அளவுக்காக ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து இரு புறமும் எடுத்த படங்களும் மட்டுமே.

அன்புடன்,
மேக்காலத் தோட்டத்து வீட்டுப் பேரன்,
ஆக்ஸ்போர்டு