காசெட்டில் பெயரில்லாமல் கிடைத்த ஐரிஷ் ஜிக்: பழைய ஒலிப்பதிவையும் நம்பத்தக்க சுரக்குறிப்பையும் எங்கே தேடுவது?

கொழிஞ்சாம்பாறை வயலின்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டு எல்லையில் பிள்ளைகளுக்குக் கர்நாடக முறையில் வயலின் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா விட்டுச்சென்ற காசெட்டுகளுள் ஒன்றின் பி பக்கத்தில், ஒற்றை வயலினில் வாசித்த நடன மெட்டு ஒன்று இருக்கிறது. ஒட்டுத்தாளில் பேனாவால் 'ஐரிஷ் ஜிக்' என்று எழுதியிருப்பதைத் தவிர வேறு தகவல் இல்லை. காதால் கேட்டு எழுதிக்கொண்ட தொடக்கம் இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு எண்ணிக்கை, 'ரி'க்கு அடுத்து வரும் 'நி' மட்டும் மந்திர ஸ்தாயி.

ச , , ப , , | ச , ப ம ரி நி | ச , , ப , , | நி த ப ம ரி நி

கடையில் வாங்கிய மெட்டுத் தொகுப்பு ஒன்றில் 'மாரிசன்ஸ் ஜிக்' என்ற தலைப்பில் இதைப் போன்ற மெட்டு இருக்கிறது. ஆனால் அதன் முகப்பில் இரண்டு ஷார்ப் குறிகள் இருப்பதால் டி மேஜர், அதாவது சங்கராபரணம் என்று கொண்டேன். என் காதில் விழுவதோ கரகரப்ரியா. பிரான்சிஸ் ஓநீல் என்பவர் திரட்டிய 1903ஆம் ஆண்டு ஐரிஷ் மெட்டுத் தொகுப்பிலும் அந்தப் பெயர் அகப்படவில்லை. இரண்டும் ஒரே மெட்டுதானா? போதாக்குறைக்குக் காசெட்டின் சுருதி மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவே நிற்கிறது.

செங்கோட்டைக்காரன்:

சுருதிப் பெட்டியை மூன்று கட்டையில், அதாவது ஈ-யில், வைத்துக்கொண்டு அந்தத் தாளை மீண்டும் வாசித்துப் பாருங்கள். இரண்டு ஷார்ப் குறிகள் எந்தெந்தச் சுரங்கள் வருகின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன; ஆதார சட்ஜம் எது என்பதை மெட்டு நின்று இளைப்பாறும் இடம்தான் சொல்லும். டி-யில் தொடங்கும் சங்கராபரணத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டு கிரகபேதம் செய்தால், அதாவது அதே சுரங்களை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் மாற்றினால், கரகரப்ரியா வரும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. மேலைநாட்டார் அதையே ஈ டோரியன் என்கிறார்கள். உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

நகரி இசைத்தட்டு:

ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் நான்கு கட்டங்களும் மாரிசன்ஸ் ஜிக்கின் தொடக்கமேதான். ஓநீலின் தொகுப்பில் அந்தப் பெயர் இல்லாததற்குக் காரணம் எளிது. அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த வயலின் கலைஞர் ஜேம்ஸ் மாரிசனின் பெயரால் வழங்கும் மெட்டு இது. அவர் பிறந்தது 1893ஆம் ஆண்டு. தொகுப்பு வெளிவந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவன்.

மெட்டு அவரைவிடப் பழையது. அயர்லாந்தின் கெர்ரியைச் சேர்ந்த அக்கார்டியன் கலைஞர் டாம் கார்மடி தம் தந்தையிடமிருந்து பெற்றதை மாரிசனுக்குக் கொடுத்தார் என்பதும், கார்மடி வீட்டில் அதை 'தி ஸ்டிக் அக்ராஸ் தி ஹாப்', அதாவது அடுப்புத் திண்டின் குறுக்கே கிடக்கும் கோல், என்று அழைத்தார்கள் என்பதும் அந்த வட்டாரத்தில் வழங்கும் செய்தி. ஐரிஷ் மெட்டுகளுக்குப் பெயர் என்பது நம் ஊர்களில் வயலுக்கு வைக்கும் பெயர் போன்றது: உழுதவன் மாறினால் பெயரும் மாறும். ஆகவே பெயரை வைத்துத் தேடாமல், முதல் இரண்டு கட்டங்களின் சுரங்களை வைத்துத் தேடுங்கள். உங்கள் சுரங்களை ஏபிசி குறிமானத்தில், அதாவது சுரத்தை ஆங்கில எழுத்தாலும் நீளத்தை எண்ணாலும் காட்டும் முறையில், எழுதினால் E3 B3 என்று தொடங்கும். 'தி செஷன்' இணையதளத்தில் ஒவ்வொரு மெட்டுக்கும் பலர் எழுதிய வடிவங்கள் இதே குறிமானத்தில் அடுத்தடுத்து இருப்பதால் ஒப்பிடுவது எளிது.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். அமெரிக்காவில் பதிவானவற்றுக்கு ரிச்சர்ட் ஸ்பாட்ஸ்வுட் 1893 முதல் 1942 வரையிலான தட்டுகளைத் தொகுத்த பட்டியல் ஏழு தொகுதிகளாக 1990இல் வந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் நடத்தும் வரலாற்றுத் தட்டுப் பட்டியலில் இணையத்திலேயே தேடலாம். டப்ளினில் 1987இல் தொடங்கப்பட்ட ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம் தட்டு, அச்சு, கையெழுத்துப் படி எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. தேடும்போது தட்டில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது ஒலிப்பதிவின் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பதிவு பல தலைப்புகளில் மறுபடி வெளியாகியிருந்தாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

சுருதிக்கும் அஞ்ச வேண்டாம். தட்டோ காசெட்டோ நூற்றுக்கு மூன்று பங்கு வேகமாகச் சுழன்றாலே சுருதி ஏறக்குறைய கால் கட்டை ஏறிவிடும்.

மார்த்தாண்டம் பாடகர்குழு:

அச்சிட்ட தாளை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்ல வருகிறேன். ஓநீல் சிகாகோவின் காவல்துறைத் தலைவராக இருந்தவர். அவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. அவர் பாடியும் வாசித்தும் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு காவலர் எழுதினார். 1903இல் வந்த தொகுப்பின் 1850 மெட்டுகளும் பெரும்பாலும் எலும்புக்கூடாகவே நிற்பதில் வியப்பில்லை. நீங்கள் 'ச , ,' என்று எழுதியிருக்கும் மூன்று எண்ணிக்கை நீளத்தை எந்த ஐரிஷ் கலைஞரும் வெறுமனே இழுத்து நிறுத்த மாட்டார். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தொடுதல் என்று விரலைச் சுழற்றி 'ரோல்' போடுவார். வர்ணப் புத்தகத்தில் கமகம் இல்லையென்று நாம் தட்டையாகவா வாசிக்கிறோம்?

கொழிஞ்சாம்பாறை வயலின்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு காசெட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். முதல் நான்கு கட்டங்களில் காந்தாரமே வரவில்லை. ஏழாம் கட்டத்தில்தான் 'க , , ரி க ம' என்று சாதாரண காந்தாரமாக வந்து நிற்கிறது. நான்காம் கட்டத்தில் சதுஸ்ருதி தைவதம் ஐயத்துக்கு இடமின்றிக் கேட்கிறது. கடைத் தாளிலும் அதே இரண்டு சுரங்கள் இருப்பதால் இரண்டும் ஒரே மெட்டு என்பது உறுதியாயிற்று. காசெட்டில் வாசித்தவர் முதல் சட்ஜத்தில் ரோல் போட்டுவிட்டு, மறுமுறை வரும்போது அதை மூன்று குறுவில்லாக வெட்டி வாசிக்கிறார். இது எந்தத் தாளிலும் இல்லை. மேட்ரிக்ஸ் எண் காசெட்டில் எங்கே இருக்கப் போகிறது! ஆகையால் மாரிசனின் தட்டைக் கேட்டு, இந்த வெட்டு அவருடையதா, பின்னால் வந்தவருடையதா என்று ஒப்பிட வேண்டும். அதற்கு முன், வில்லைப் பிடிக்கும் முறையை மாற்றாமல் அந்த மூன்று வெட்டையும் எப்படிப் போடுவது என்று மார்த்தாண்டத்து நண்பர் சொல்வாரா?