கடையிலிருந்து குடோனுக்கு 130 மீட்டர்: ஃபைபர் போடலாமா?

வணக்கம் நண்பர்களே, நெட்வொர்க் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பொள்ளாச்சி பக்கம் எங்கள் கடை. குடோன் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பில் போடும் கணினி ஒன்று, கேமரா நான்கு. கேபிள் போட வந்தவர் 130 மீட்டருக்கும் கேட் 6 கேபிளை (கம்பி வழி நெட்வொர்க் கேபிள்) ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போய்விட்டார். இந்த மாதிரிக் கம்பியில் ஓடும் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் விட்டாரா, கடவுளுக்கே வெளிச்சம்! லைன் அடிக்கடி கட் ஆகிறது. கேபிள் டெஸ்டரில் எட்டுக் கம்பிக்கான எட்டு விளக்கும் வரிசையாகத்தான் எரிகின்றன. ஆனால் கம்பி முனையைச் சுரண்டிப் பார்த்தால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. முழுச் செம்பு இல்லை, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு.

நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) வை என்கிறார்கள். தென்னந்தோப்பு நடுவே கரண்டுக்கு எங்கே போவது? மின்னல் பயம் வேறு. அதனால் சிங்கிள் மோட் ஃபைபர் (ஒளியில் தகவல் அனுப்பும் மெல்லிய கண்ணாடி இழை), இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஒளியை மின் சிக்னலாகவும், மின் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் பெட்டி) என்று முடிவெடுத்திருக்கிறேன்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, சரி. ஆனால் ட்ராப் கேபிளோடு (வீடு, கடைக்கு இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்) தாங்கலுக்கு வரும் இரும்புக் கம்பி? உலோகமே இல்லாத கேபிள் சில்லறையாகக் கிடைக்குமா? முனைகளுக்கு ஃபாஸ்ட் கனெக்டர் (கையாலேயே மாட்டும் முனை) போதுமா, ஸ்பிளைஸ் (மெஷினில் இழையை உருக்கி ஒட்டுவது) செய்தே ஆக வேண்டுமா? அப்புறம், குழாயில் விட்டுப் புதைப்பதென்றால் எவ்வளவு ஆழம் தோண்டுவது? தோப்பில் டிராக்டர் உழவு உண்டு. போட்டு அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.